சித்தி முன்வாசல் வழியாகப் போன நாள்

சித்தியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவள் பிழைப்பு ஓடியதே அதில்தான்.

ஐம்பதைத் தாண்டிய வயது. கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. தோளில் எந்நேரமும் கனத்த துணிப்பை ஒன்று. இன்னும் எத்தனை படி ஏற வேண்டுமோ என்கிற களைப்பு எப்போதும் முகத்தில் இருக்கும். அது நடிப்பில்லை, முட்டிவலி. இப்படி ஒருத்தி ஓர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற எந்த மனிதருக்கும் மனசு கேட்காது. தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, "வாங்கம்மா" என்று பிடித்துக்கொண்டு நிற்பார். சித்தி தலையசைத்துவிட்டு உள்ளே போவாள். கம்பெனியின் கணினிகளெல்லாம் குளிரில் உறுமிக்கொண்டிருக்கும் அறை வரைக்கும் போவாள். வந்து போனதற்கு அடையாளமாக அங்கே சுவரில் ஒரு கோழிக்குஞ்சுப் படத்தை ஒட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவாள்.

சில நாள் கழித்து அந்தக் கம்பெனி முதலாளிக்கு ஓர் அறிக்கை போகும். ஐயா, உங்கள் இடத்துக்குள் திருடன் நுழைய நினைத்தால் இப்படித்தான் நுழைவான், இன்னின்ன கதவைச் சரிசெய்யுங்கள் என்று. அவரும் கூலியைக் கொடுத்து நன்றியும் சொல்வார். தன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையச் சொல்லிக் கூலி கொடுக்கிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்று சித்தி முதன்முதலில் தன் புருஷனிடம் சொன்னபோது, அவர் அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

அவர் பஸ் ஓட்டுநர். நம்பிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். "எங்க வேணும்னா போய்க்கோ. என் பஸ்ல மட்டும் டிக்கெட் எடுக்காம ஏறினா நடுவழியில இறக்கி விட்ருவேன்."

அவளை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது அக்கா மகன். ராத்திரியெல்லாம் விழித்திருப்பான், முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடி. அதனால் ஆந்தை என்று பேர். பள்ளியில் படிக்கும்போதே பள்ளிக்கூடக் கணினிக்குள் புகுந்தவன். மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை, அந்த மட்டும் நல்ல பிள்ளை. கடைசி மணியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். ஒரு மாதம் முழுக்கப் பள்ளிக்கூடமே சீக்கிரம் வீட்டுக்குப் போயிற்று, ஒரு வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. பிடிபட்ட அன்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

அதே குறும்பை அவன் வளர்ந்த பிறகு தொழிலாக்கினான். சுருட்டை முடிக் கூட்டாளி ஒருவனும் சேர்ந்துகொண்டான். ஹேக்கர் என்றால் திருடன் என்று நினைக்கிற ஊரில், இவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு கன்னம் வைக்கிற ஹேக்கர்கள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், மேலே தட்டச்சு சத்தம். சித்தி வேலை பார்த்த சலவைக் கடையை அந்தச் சமயம் மூடிவிட்டார்கள். "சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போற? வந்து போனை எடு, பில்லைக் கட்டு, நாங்க சாப்பிட்டோமான்னு பாரு" என்று ஆந்தை கூட்டி வந்து உட்காரவைத்தான்.

கதவுக்குள் போகிற வேலை ஒரு தப்பில் ஆரம்பித்தது.

ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் கட்டடத்தைச் சோதிக்கச் சொல்லியிருந்தது. பையன்கள் இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக் மாதிரி சட்டை தைத்து, போலி அட்டை அடித்து, வசனமெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். போன அவசரத்தில் ஆந்தை கண்ணாடியை மேஜையில் விட்டுவிட்டான். அது இல்லாவிட்டால் அவனுக்கு எதிரே நிற்பது சுவரா மனிதனா என்றுகூடத் தெரியாது. சித்தி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். இவர்கள் இந்நேரம் உள்ளே போயிருப்பார்கள் என்று நினைத்து, அவளும் உள்ளே போய்த் தேட ஆரம்பித்தாள். "எங்க பையன் கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டான், கம்ப்யூட்டர் வேலையா வந்திருக்கான்" என்றாள். எல்லாமே உண்மை. ஆளாளுக்குக் கதவைத் திறந்து, வழி காட்டி, கடைசியில் ஒரு புண்ணியவான் கணினி அறைக்குள்ளேயே கொண்டுபோய் விட்டான். அவள் போன் பண்ணினாள்.

"எங்கடா இருக்க? இங்க மெஷினா நிக்குது, ஒரே குளிரு. உன்னைக் காணோம்."

பையன்கள் அப்போது எதிர்ச் சாரியில், காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டியதில் முகம் தொங்கிப்போய், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆந்தை டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சித்தி, அங்கயே நில்லு. எதையும் தொடாத."

அன்றிலிருந்து பையன்களின் கம்பெனிக்கு அவள்தான் கால்.

அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் வாசற்படியில் கால் வைக்க மாட்டாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அது எப்போதும் மடித்து இருக்கும். பொய் சொல்ல மாட்டாள். "அவங்க கேக்கறதில்ல, நான் சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதை எவன் கேட்டாலும் சொல்ல மாட்டாள். அறிக்கையில் 'ஊழியர் ஒருவர்' என்றுதான் எழுத வேண்டும். ஒரு தடவை ஒரு முதலாளி விடாப்பிடியாகப் பேர் கேட்டபோது, "கதவைத் திறந்து விட்டவங்க நல்லவங்க சார். நல்லவங்களைக் காட்டிக் கொடுக்கறதுக்கு நான் வரல. கதவை மாத்துங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் கதவை மாற்றினார்.

இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. சலவைக் கடையில் வருஷக்கணக்காக மற்றவர்கள் சட்டையை எண்ணி வைத்தவளுக்கு, தான் நடந்து போனால் ஒரு கட்டடமே வழிவிடுகிறது என்பது சின்ன சந்தோஷமா? வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வாள். புருஷனும் சாப்பாட்டுத் தட்டில் கை காய்வது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

பூட்டு, கேமரா, காவலாள், கணினிப் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் விற்கிற நிறுவனம் அது. அவர்களிடம் இல்லாதது ஆந்தை மாதிரி ஆட்கள்தான். இப்படிப்பட்ட மூளையை வளர்ப்பது கஷ்டம், வாங்குவது சுலபம். அதனால் இந்த மாதிரி சின்னக் கம்பெனிகளைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. இனி வாடிக்கையாளர் பின்னால் அலைய வேண்டாம், கேட்ட இயந்திரம் கிடைக்கும், கீழ்க்கடைக்காரர் காற்றடிக்கும்போது போனைக் கையால் மூட வேண்டாம். எல்லோருக்கும் பதவி போட்டு ஒரு பட்டியலும் வந்தது.

அதில் சித்தி இல்லை.

சான்றிதழ் இல்லை, படிப்பும் இல்லை. அவள் செய்கிற வேலைக்கு அவர்களிடம் ஒரு பேர்கூட இல்லை. கேட்டதற்கு, கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு மேலதிகாரியே நேரில் பார்த்து முடிவு சொல்வார், அந்த அம்மாவையும் அழைத்து வாருங்கள் என்று பதில் வந்தது.

"நீ இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான் ஆந்தை.

"பைத்தியம் மாதிரி பேசாத. சுருட்டைக்கும் குடும்பம் இருக்கு. எனக்கென்ன, முட்டிக்கு ஓய்வு கிடைக்கும்" என்றாள் சித்தி. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பகல்கள் அவளுக்கு வேண்டாம்.

ஆந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு சித்தி. அவங்களுக்கு நம்ம மேல உள்ளூர ஒரு பயம். எங்க இடத்துல அனுமதி இல்லாம என்னிக்காவது கை வெச்சிருக்கீங்களான்னு வக்கீல் வாரா வாரம் கேக்கறாரு. அதனால நாளைக்கு மட்டும், தயவுசெஞ்சு, முன்வாசல் வழியா வா. பேரைச் சொல்லு. அட்டை வாங்கிக் கழுத்துல மாட்டிக்கோ. நேரா மேல வா."

"இது ஒரு பெரிய வித்தையா?" என்றாள் சித்தி.

மறுநாள் இஸ்திரி போட்ட உடையில், தலையை அழுந்த வாரிக்கொண்டு கிளம்பினாள். புருஷன் வாசலில் மறித்து, "அந்தப் பையை வெச்சிட்டுப் போ. அதைப் பார்த்தாத்தான் கதவு தானா திறக்குது" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கடிதம் இல்லாத கண்ணாடிக் கூட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

பளிங்குத் தரை, உயரமான வாசல், சோபாக்கள், செய்தித்தாள் போட்டு வைத்த ஒரு குட்டை மேஜை. கணினிக்குப் பின்னால் காவலாளி. காதோரம் நரைத்த, சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்ட மனிதர். சித்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காவலாளியிடம் நேராகப் போய்த் தன் பேரைச் சொன்னாள்.

அவர் மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "மன்னிக்கணும்மா. இன்னிக்கு வர்றவங்க லிஸ்ட்ல உங்க பேர் இல்ல. பேர் இல்லாம விட முடியாது."

பதவிப் பட்டியலில்தான் அவள் இல்லையே, பின்னே இதில் எப்படி இருப்பாள்? அவளுக்கு வருத்தத்தையும் மீறி அவரைப் பிடித்துப்போயிற்று. "நீங்க சொல்றதுதான் சரி" என்று போய் சோபாவில் உட்கார்ந்து ஆந்தைக்குப் போன் பண்ணினாள். சிக்னல் கிடைக்கவில்லை. வெளியே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டடத்தை ஒட்டியே நடந்து, பக்கவாட்டில் ஒரு தாழ்வாரத்துக்கு வந்து மறுபடியும் முயன்றாள். மேலே போன்களையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அவன் எடுக்கவில்லை.

அங்கே சின்னக் கதவு ஒன்றின் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் அவசர அவசரமாக சிகரெட்டை அணைத்துக்கொண்டிருந்தார். நனைந்த தலையோடு நிற்கிற சித்தியைப் பார்த்தார்.

"ஏம்மா மழையில நிக்கறீங்க? உள்ள வாங்க."

"இல்லப்பா. எங்கிட்ட அட்டை இல்ல."

"அதனால என்ன, நான் திறக்கறேன்."

"வேணாம்ப்பா. நான் முன்னாடி ரிசப்ஷனுக்குத்தான் போகணும்."

"ரிசப்ஷன்தானே? உள்பக்கமாவே போயிடலாம். இந்த மழையில சுத்திக்கிட்டுப் போவீங்களா?" என்று அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, முதுகில் கை வைக்காத குறையாக அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் ஒரு பக்கம் ஓடிவிட்டார்.

சித்தி திரும்புவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது. பை இல்லை, கடிதம் இல்லை, நுழைய வேண்டும் என்ற எண்ணமே இல்லை. இந்தப் பாழாய்ப்போன கட்டடம் அவளை வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பெண்ணிடம், "ரிசப்ஷன் எந்தப் பக்கம்மா? மேல மீட்டிங்குக்கு வந்தேன், ஆனா முதல்ல..." என்று ஆரம்பித்தாள். "மீட்டிங்கா? அது மேலதான்" என்று அந்தப் பெண் அவளை லிஃப்டுக்குள் ஏற்றி, தன் அட்டையைக் காட்டிப் பொத்தானையும் அமுக்கிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டாள். மேலே கதவு திறந்ததும் டீத் தட்டோடு நின்ற ஆள், "நல்லவேளை வந்தீங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க, சர்க்கரையை மறந்துட்டேன்" என்று தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு மறைந்தான்.

இப்போது சித்தி கையில் டீத் தட்டோடு, கையெழுத்து நடக்கிற அறையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

உள்ளே நீள மேஜை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சிலர். எதிரே சுருட்டையும் ஆந்தையும். ஆந்தை கையில் பேனா. அவன் நிமிர்ந்தான். சித்தியைப் பார்த்தான். வெறும் கழுத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வக்கீல் வாரா வாரம் கேட்ட கேள்விக்கு அவளே பதிலாக நிற்பாள். பையன்களின் ஒப்பந்தமும் போகும், அவள் வேலையும் போகும். உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிய அறைதான். ஆனால் இத்தனை வருஷமாகக் கடிதம் இல்லாமல் கால் வைக்காதவள், இன்றைக்கா வைப்பாள்? தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். ஆந்தையைப் பார்த்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். கீழே என்று விரலைக் காட்டினாள். ஆந்தையின் பார்வை போன பக்கம் வக்கீலும் திரும்பிப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. முட்டி முனகமுனகப் படிக்கட்டு வழியாக இறங்கினாள்.

உள்பக்கத்திலிருந்து அவள் வாசல் கூடத்துக்கு வந்ததைப் பார்த்த காவலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! நீங்க எப்படி..."

"அதைக் கேக்காதீங்க. முதல்ல என்னை வெளிய விடுங்க."

அவர் தடுப்பைத் திறந்தார். சித்தி அந்தப் பக்கம் போய், பழைய சோபாவில் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப சரி" என்றாள்.

மேலே நடந்ததைப் பிறகு சுருட்டை எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறான். ஆந்தை பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, "எங்க சித்தி கீழ உக்காந்திருக்காங்க. அவங்களைப் பார்க்காம கையெழுத்து இல்ல" என்று ஒற்றைக் காலில் நின்றானாம். அவளை மேலே அனுப்பச் சொல்லி மேலதிகாரி உடனே கீழே போன் பண்ணினார். காவலாளி பேசியது மட்டும் சித்தி காதிலேயே விழுந்தது.

"பேர் லிஸ்ட்ல இல்ல சார்... நீங்க சொல்றீங்க, சரி. ஆனா போன்ல பேசறது யாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? எழுத்துல வரணும் சார்."

பேசி முடித்து போனை வைத்தார். "வேலைக்கு வேட்டு வெச்சுக்கிட்டேன்னு நினைக்கறேன்" என்றார். சித்திக்கு எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறாள், இப்படி ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை.

லிஃப்ட் திறந்தது. வக்கீல், ஆந்தை, சுருட்டை, இன்னும் சிலர். எல்லோருக்கும் முன்னால் கடுகடுவென்று மேலதிகாரி. கோட்டில் இன்னும் மழைத்துளி காயவில்லை.

சித்தி அவரைப் பார்த்தாள். அவர் சித்தியைப் பார்த்தார். வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"இவங்க மேல வந்ததை நான் பார்த்தேனே" என்று வக்கீல் குரலை உயர்த்தினார். "அட்டை இல்லாம! இவங்களை யார் உள்ள விட்டது?"

எல்லோரும் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் விடல" என்றாள் சித்தி. "உங்க கட்டடத்துலயே என்னை விடாத ஆள் அவர் ஒருத்தர்தான். அவர் பேரை வேணும்னா பெரிசா எழுதி மாட்டுங்க. விட்டவங்க யாருன்னு நான் சொல்றதில்ல சார். அது எங்க வழக்கம். நானா நுழையல, அது மட்டும் சத்தியம்."

"அப்படின்னா ஒப்பந்தத்தை..." என்று வக்கீல் ஆரம்பித்தார். ஆந்தை கண்ணை மூடிக்கொண்டான். சித்தி வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணாடிக் கூட்டைப் பிடித்திருந்தாள். ஒரு பேரைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். பேருக்குரியவர் எதிரேயே நின்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் மேலதிகாரி.

வக்கீல் வாயைப் பிளந்தார்.

"சிகரெட் குடிக்கப் போனேன். வேணாம் வேணாம்னாங்க, நான்தான் கேக்காம உள்ள தள்ளி விட்டேன்." அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாதுகாப்பு பத்தி ஊரெல்லாம் பாடம் எடுக்கறேன் நான்!"

முதலில் சுருட்டை சிரித்தான். அப்புறம் ஆந்தை. அப்புறம் வக்கீலைத் தவிர எல்லோரும். சித்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதில் பாதி சிரிப்பில்லை, அத்தனை நேரம் அடக்கி வைத்த பயம்.

மேலதிகாரி அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லியிருந்தா இவங்க முன்னாடி எனக்கு மானம் போயிருக்கும். சொல்லலைன்னா உங்க வேலை போயிருக்கும். ரெண்டும் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"பழகிப் போச்சு சார்" என்றாள் சித்தி.

"எங்க எல்லா வாடிக்கையாளருக்கும் நீங்க போகணும். முதல்ல இந்தக் கட்டடத்துக்கே."

"கடிதம் கொடுத்தா போறேன்."

மேலே போகலாம் என்றார்கள். காவலாளி தொண்டையைச் செருமினார். பேர் இன்னும் எழுத்தில் வரவில்லை. மேலதிகாரி அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காவலாளி அதை நிதானமாகப் படித்துவிட்டு, "பதவி என்ன சார் போடறது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. படித்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சித்தின்னே போடுங்க" என்றான் ஆந்தை. அட்டை அச்சாகி வருவதற்குள் மற்ற கையெழுத்துகள் அந்தக் குட்டை மேஜையிலேயே, செய்தித்தாளை ஒதுக்கிவிட்டு நடந்து முடிந்தன. மேலே டீ ஆறிப்போயிற்று.

வேலையில் சேர்ந்த முதல் நாள், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையையும் தோளில் போட்டுக்கொண்டு சித்தி போனாள். கதவில் அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. தன் பேரில் ஒரு கதவு திறப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நின்று ரசித்தாள்.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓர் ஆள், இரண்டு கையிலும் தாடை வரைக்கும் ஒரு பெரிய பெட்டி, முகமெல்லாம் வேர்வை. கழுத்தில் அட்டையைக் காணோம். "கொஞ்சம் பிடிச்சுக்குங்கம்மா" என்றான்.

சித்தி அந்தக் களைத்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அவள் போட்டுக்கொண்டு நடந்த முகம்.

"அட்டை எங்கப்பா?"

"சட்டைப் பையில இருக்கும்மா. கை காலியில்ல."

கதவை மூடவிட்டுவிட்டு, அவன் கையிலிருந்த பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "இதை நான் பிடிச்சுக்கறேன். நீ நிதானமா எடு" என்றாள்.

பெட்டி கனமாகத்தான் இருந்தது.